ஐப்பசி மழையில் கூட்டாக ஒரு வயல் நடை

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. காவிரி டெல்டாவில் சம்பா, தாளடிப் பயிர்கள் வயலில் நிற்கும் காலமும் இதுவே. இளம் பயிர் பல நாள் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். எனவே மழை நாளில் வீட்டில் முடங்காமல், ஒரே வடிவாய்க்காலை நம்பியிருக்கும் விவசாயிகள் 10, 15 பேர் ஒன்றுசேர்ந்து வயல்களைச் சுற்றி வருவது மிகவும் பயன் தரும்.

ஏன் கூட்டாக?

மேல் வயல்காரர் வரப்பை வெட்டிவிட்டால் அத்தண்ணீர் கீழ் வயலில் போய் நிற்கும். அண்டை வயல்காரர்களுக்குள் மனக்கசப்பு வருவது இதனால்தான். எல்லோரும் சேர்ந்து வடிவாய்க்காலின் கடைசி வரை நடந்தால், அடைப்பு எங்கே என்பது எல்லோர் கண்ணிலும் படும். நெய்வேலிக் காட்டாமணக்கு, ஆகாயத்தாமரை, மீனுக்கு வைத்த தட்டி ஆகியவையே பெரும்பாலும் தடையாக இருக்கும். மண்வெட்டியும் அரிவாளும் கொண்டு சென்றால் அப்போதே அகற்றிவிடலாம். கீழே வழி திறந்த பிறகே மேலே வரப்பை வெட்ட வேண்டும்.

என்ன பார்க்க வேண்டும்?

வரப்பில் நின்று பார்த்தால் போதாது. வயலில் இறங்கி, ஆங்காங்கே 10 குத்துகளை அடிவரை விலக்கிப் பார்க்க வேண்டும். புகையான் தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே இருக்கும். தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு 2 பூச்சிகள் வரை பொறுக்கலாம். குருத்துப்பூச்சியால் காய்ந்த நடுக்குருத்து 10 சதத்தை எட்டினால் கட்டுப்படுத்த வேண்டும். நடுவில் சாம்பல் நிறத்துடன் கண் வடிவப் புள்ளிகள் இலையில் தென்பட்டால் அது குலைநோய். அந்த வயலுக்கு யூரியா இடுவதை நிறுத்திவைக்க வேண்டும். மழை நேரத்தில் மருந்து தெளித்தால் அது கழுவப்பட்டு வீணாகும்.

இந்தோனேசியாவில் புகையான் தாக்குதலை அடுத்து, 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன. 1989-ல் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரந்தோறும் குழுவாக வயலில் இறங்கி, பூச்சியையும் அதை உண்ணும் சிலந்தியையும் எண்ணிப் பார்த்தே முடிவெடுத்தனர்.

நீர் வடிந்த பின்

பயிர் மஞ்சளாக இருந்தால், ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மழையில்லாத நேரத்தில் கைத்தெளிப்பானால் இலைமேல் தெளிக்கலாம்.

எச்சரிக்கை

இடி மின்னல் இருக்கும்போது வயலுக்குப் போகக்கூடாது, மரத்தடியிலும் ஒதுங்கக்கூடாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியை நெருங்காமல் மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும். காலில் புண் உள்ளவர்கள் தேங்கிய நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். அவர்கள் வரப்பிலிருந்தே கணக்கெழுதட்டும். நடை முடிந்ததும், எவர் வயலில் எப்போது என்ன செய்வது என்பதை அங்கேயே பேசி முடித்து, அடுத்த நடைக்கு நாள் குறித்துக்கொள்வது நலம்.