வீட்டுப் பட்டறையில் ஒரு புல்வெட்டி

சப்ரகமுவவில் மழைக்குக் குறைவில்லை, களைக்கும் குறைவில்லை. 2015இல் இலங்கையில் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. தேயிலைக்கும் றப்பருக்கும் 2018இல் தடை தளர்ந்தது. மருந்தில்லாத நாட்களிலும் புல் வளர்ந்துகொண்டேதான் இருந்தது.

புல்லைச் சுரண்டியால் வழித்தால் மலைச்சரிவின் மேல்மண் மழையோடு போய்விடும். வெட்டிவிட்டாலோ வேர் மண்ணைப் பிடித்திருக்கும். நரம்பு சுழற்றிப் புல் வெட்டும் முறையே ஒரு வீட்டுப் பட்டறை யோசனைதான். 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜோர்ஜ் பாலஸ் என்பவர், ஒரு காலி பொப்கோர்ன் டின்னில் தூண்டில் நரம்பை மாட்டிச் சுழற்றிப் பார்த்தார்.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் உழவு இயந்திரத்தில் வீட்டிலேயே செய்த புல்வெட்டி ஒன்றைப் பொருத்த நினைப்பவர்கள் முதலில் நிலத்தைப் பாருங்கள். செங்குத்துச் சரிவில் உழவு இயந்திரம் புரண்டுவிடும். அங்கே தோளில் மாட்டும் புல்வெட்டிதான் சரி. தட்டையான றப்பர் வரிசைகளுக்கும் தென்னங்காணிக்கும் உழவு இயந்திரப் புல்வெட்டி பொருந்தும்.

அடுத்தது, உழவு இயந்திரத்திலிருந்து வெட்டிக்கு விசை தரும் பின்பக்கச் சுழல்தண்டு. பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 9. சாரத்தின் நுனி சிக்கினால் கையை இழுக்கக்கூட நேரமிருக்காது. தண்டுக்கு முழு உறை போடாமல், வெட்டும் பகுதிக்குக் கனமான தகட்டு மூடி பற்றவைக்காமல், தயவுசெய்து இயக்கிப் பார்க்காதீர்கள். வெட்டுத்தகடு தட்டிவிடும் கல் வெகுதூரம் பறக்கும். கொழுந்து பறிப்பவர்களோ பிள்ளைகளோ அருகில் இருக்கக் கூடாது. சிக்கிய கொடியை எடுப்பதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி, சாவியைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.