அமெரிக்கக் கவுண்டி நீதிமன்றத்திலிருந்து விவாகரத்துத் தீர்ப்பின் நகல் பெறும் வகை

நம் சிற்றூர்களில் பிறந்து, படித்து, அமெரிக்கா சென்று குடித்தனம் நடத்துவோர் இன்று பலர். அவர்களுள் சிலருடைய மணவாழ்வு அந்நாட்டு நீதிமன்றத்திலேயே முறிந்துவிடுவதும் உண்டு. ஊர் திரும்பிய பெண் ஆண்டுகள் சில கழித்து மறுமணம் செய்துகொள்ள விரும்பும்போதோ, பாஸ்போர்ட்டில் முன்னாள் கணவரின் பெயரை நீக்கக் கோரும்போதோ, “விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டு வாருங்கள்” என்று கேட்கிறார்கள். வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்தால், முத்திரை எதுவுமில்லாத ஒரு ஜெராக்ஸ் பிரதிதான் கிடைக்கிறது. சில வீடுகளில் அதுவும் இருப்பதில்லை. மூலப் பத்திரமோ கடல் கடந்த ஒரு நீதிமன்றத்தின் பதிவறையில் இருக்கிறது. அதன் நகலை ஊரிலிருந்தபடியே எழுதிப் பெறலாம். முயற்சி வேண்டும், எனினும் பெரும்பாலும் அதற்காக அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை.

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிய வேண்டும். அமெரிக்காவில் விவாகரத்து மாநிலங்களுக்குரிய விஷயம். மத்திய அரசாங்கத்தின் நீதிமன்றங்களில் இதைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு மாநிலமும் கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கவுண்டி என்பதை நம் மாவட்டத்தைப் போன்றதெனக் கொள்ளலாம். டெக்சாஸில் 254 கவுண்டிகள், கலிபோர்னியாவில் 58, நியூ ஜெர்ஸியில் 21. லூசியானாவில் அதற்குப் ‘பாரிஷ்’ என்று பெயர். வழக்கு எந்தக் கவுண்டியில் தாக்கல் ஆயிற்றோ அங்கேதான் பதிவு இருக்கும். நீதிமன்றத்தின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிபோர்னியாவில் அது சுபீரியர் கோர்ட்டு. டெக்சாஸில் டிஸ்டிரிக்ட் கோர்ட்டு. இல்லினாயில் சர்க்யூட் கோர்ட்டு. நியூயார்க்கில் விவாகரத்து வழங்குவது ‘சுப்ரீம் கோர்ட்டு’. பெயரைக் கண்டு மலைக்க வேண்டா; அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வேறு, இது முதல்நிலை நீதிமன்றமே. பதிவுகளைக் காப்பவர் அந்நீதிமன்றத்தின் கிளார்க். நம் வழக்கில் கிளார்க் என்றால் சாதாரண எழுத்தர். அங்கோ அவர் முத்திரையுடைய பொறுப்புள்ள அதிகாரி. டெக்சாஸில் விவாகரத்துப் பதிவை வைத்திருப்பவர் டிஸ்டிரிக்ட் கிளார்க். திருமண உரிமப் பதிவை வைத்திருப்பவர் கவுண்டி கிளார்க். இருவரையும் ஒருவரென எண்ணி எழுதினால் கடிதம் வீணாகும்.

கேட்க வேண்டிய பத்திரம் எது என்பதிலும் தெளிவு வேண்டும். மாநிலச் சுகாதார இலாகா தரும் சான்று ஒரு வகை. நியூயார்க் மாநிலம் 1963 முதல் நிகழ்ந்த விவாகரத்துகளுக்கு அத்தகைய சான்று வழங்குகிறது. டெக்சாஸ் 1968 முதலானவற்றுக்கு உறுதிக்கடிதம் மட்டும் தருகிறது. இவை இன்னார்க்கும் இன்னார்க்கும் இந்த இடத்தில், இந்த நாளில் விவாகரத்து ஆயிற்று என்பதைத் தெரிவிப்பதோடு சரி. தீர்ப்பு என்பது நீதிபதி கையொப்பமிட்டது. குழந்தையின் பொறுப்பு, ஜீவனாம்சம், சொத்துப் பிரிவினை முதலியன அதில்தான் காணப்படும். இவற்றுக்கு அப்பால் மனு, அறிவிப்புச் சார்வு, பதில் முதலியன அடங்கிய முழுக் கட்டும் உண்டு. நம் நாட்டுக் காரியங்களுக்கு வேண்டுவது தீர்ப்பின் சான்றிட்ட நகலே. சுகாதார இலாகாவின் சான்று, கவுண்டி எதுவென மறந்துபோனவர்க்கு வழிகாட்டியாகப் பயன்படும்.

கவுண்டி தெரியாதபோது, வழக்குத் தொடுத்த காலத்தில் தம்பதியருள் ஒருவர் எங்கு வசித்தார் என்று பாருங்கள். கலிபோர்னியாவில் வழக்குத் தொடுக்க மாநிலத்தில் ஆறு மாதமும் கவுண்டியில் மூன்று மாதமும் வசித்திருக்க வேண்டும். டெக்சாஸில் மாநிலத்தில் ஆறு மாதமும் கவுண்டியில் 90 நாளும். ஆகவே பழைய வாடகை ஒப்பந்தமோ, வங்கிக் கடிதமோ, உறைமேல் எழுதிய விலாசமோ துப்பாக உதவும். வழக்கறிஞர் அனுப்பிய பழைய மின்னஞ்சலில் வழக்கு எண் இருந்துவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது. பல கவுண்டிகளில் வழக்குப் பட்டியலை இணையத்திலேயே பெயரைக் கொண்டு தேடலாம். மிகப் பழைய கட்டுகள் மைக்ரோபிலிமிலோ வேறு ஆவணக் காப்பகத்திலோ இருக்கக்கூடும். அவற்றுக்குக் காலம் கூடுதலாகும்.

பெயரைப் பற்றி நம்மவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. முதலெழுத்து தந்தை பெயரினுடையது. அமெரிக்கப் பட்டியலோ குடும்பப் பெயரின் வரிசையில் அமைந்தது. எனவே அங்கே முருகேசன் மகள் செல்வி, முருகேசன் என்னும் குடும்பப் பெயரின் கீழ் இருக்கலாம். மணமான பின் கணவர் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டிருக்கலாம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்க்கு அமெரிக்க விசாவில் அதையே குடும்பப் பெயராக்கி, இயற்பெயர் இருக்குமிடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று பொறிப்பது வழக்கம். முதற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் பொருள். அந்த மூன்றெழுத்தே பெயராகி நீதிமன்றப் பட்டியலிலும் புகுந்துவிடுவதுண்டு. ஆதலால் ஒரு வகையில் தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிடாமல், எல்லா வடிவங்களையும், எதிர்த்தரப்பாரின் பெயரையும் கொண்டு தேடச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தில் இருவர் பெயரும், தீர்ப்பான ஆண்டும், வழக்கு எண் தெரிந்தால் அதுவும், வேண்டிய நகல்களின் தொகையும் எழுதுக. ‘சான்றிட்ட நகல்’ என்ற சொல் தவறாமல் இருக்கட்டும். இல்லையேல் சாதாரண நகல் வந்துசேரும். கட்டணம் கவுண்டிதோறும் வேறுபடுவதால், தொகையையும் செலுத்தும் முறையையும் அக்கிளார்க் அலுவலகத்திலேயே கேட்டறிந்த பின் அனுப்புவது நன்று. பல மாநிலங்களில் தீர்ப்பு பொதுப்பதிவாக இருப்பதால் யாரும் கேட்கலாம். நியூயார்க்கில் அப்படியன்று, வழக்கின் தரப்பினர்க்கும் அவர்தம் வழக்கறிஞர்க்குமே கட்டு காட்டப்படும். மற்றவர்க்கு நீதிமன்ற உத்தரவோ, தரப்பினர் நோட்டரி முன் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமோ வேண்டியிருக்கும். தகப்பனார் என்ற முறையில் மட்டும் எழுதினால் போதாது.

நகல் கையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டதென்று பலர் கருதுகின்றனர். 1991இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இங்கே அறியத்தக்கது. திருப்பதியில் 1975இல் மணம் செய்துகொண்ட ஒருவர், மிசௌரி மாநிலத்துச் செயிண்ட் லூயிஸ் கவுண்டியின் சர்க்யூட் கோர்ட்டில் விவாகரத்துப் பெற்று, மறுமணமும் செய்துகொண்டார். முதல் மனைவி குற்ற வழக்குத் தொடுத்தபோது அத்தீர்ப்பின் போட்டோ பிரதி காட்டப்பட்டது. அதில் அந்நீதிமன்றக் கிளார்க்கின் சான்று இருந்தது. இருந்தும், அமெரிக்காவிலுள்ள இந்திய அரசின் பிரதிநிதி மேற்கொண்டு சான்றிடாமையால் அது சாட்சியமாக ஏற்கத்தக்கதன்று என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று.

அதன்பின் 2005இல் அப்போஸ்தில் உடன்படிக்கை இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. தீர்ப்பு வழங்கிய மாநிலத்தின் உரிய அதிகாரி, பெரும்பாலும் மாநிலச் செயலாளர், சான்றிட்ட நகலோடு இணைத்துத் தரும் சான்றே அப்போஸ்தில். நகல் கேட்கும்போதே அப்போஸ்திலுக்குத் தக்கதாக வேண்டும் என்று கிளார்க்கிடம் தெரிவித்துவிடலாம். நம் நீதிமன்றம் ஒன்றில் தாக்கல் செய்வதாயின், அது போதுமா, இந்தியத் தூதரகச் சான்றும் வேண்டுமா என்று வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது உசிதம்.

அவ்வழக்கில் இன்னொன்றும் தீர்மானமாயிற்று. இந்து திருமணச் சட்டப்படி நடந்த மணத்தை அயல்நாட்டு நீதிமன்றம் முறித்தால், அது இங்கே செல்லுபடியாவது எதிர்த்தரப்பார் தாமாக இசைந்து வழக்கில் கலந்துகொண்டாரா, அல்லது சம்மதித்தாரா, எந்தக் காரணத்தின்மேல் விவாகரத்து வழங்கப்பட்டது என்பனவற்றைப் பொறுத்தது. அவ்வழக்கின் மனைவியோ ஆட்சேபத்துடன் பதில் அனுப்பியதன்றி அங்குச் சென்று வழக்காடவில்லை. இவ்விவரங்கள் தீர்ப்புத் தாளிலேயே எப்போதும் இருப்பதில்லை. ஆகையால் கிளார்க்குக்கு எழுதும்போது தீர்ப்பை மட்டும் கேளாமல், அறிவிப்புச் சார்வு செய்த சான்றையும், எதிர்த்தரப்பார் தாக்கல் செய்த பதிலையும், உடன்பாட்டுப் பத்திரம் இருப்பின் அதையும் சான்றிட்ட நகல்களாகச் சேர்த்தே கேட்டுப் பெறுக.