கண்ணில் படாத நூலகம்

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் இன்று சந்தா கட்டும் இதழ்களில் பலவும் அலமாரிக்கு வருவதே இல்லை. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு இந்திய அரசு திறந்துவிட்டிருக்கிறது. பயன்பெறும் வட்டத்துக்குள் வருவோர் சுமார் 1.8 கோடி பேர். அச்சிதழ் என்றால் வாசல் பக்கத் தட்டில் அட்டை தெரிய நிற்கும். கடந்து போகிறவர் ஒரு நிமிடம் புரட்டிப் பார்ப்பார். மின்னிதழுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. கல்வி நூலகங்கள் இன்ஸ்டாகிராம், யூடியூப், பின்டரெஸ்ட் போன்ற பட ஊடகங்களின் பக்கம் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நூலகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது புதிய எண்ணம் அல்ல. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளிவந்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவதை நூலின் பக்கம் நின்று வகுத்தார்: நூல் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும். அதற்கான வழிகளில் விளம்பரத்துக்கும் அவர் இடம் கொடுத்தார். அன்றைக்குத் துண்டறிக்கையும் செய்தித்தாளும் செய்த வேலை இன்று கைபேசித் திரைக்கு மாறியிருக்கிறது.

படங்களைக் கொண்டு நூலகம் பொதுமக்களிடம் போனதற்குப் பெரிய தொடக்கம் 2008 ஜனவரியில் அமைந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் சேகரிப்பிலிருந்து சுமார் 3,100 பழைய புகைப்படங்களை ஃபிளிக்கர் தளத்தில் ஏற்றியது. பார்த்தவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை. இது இன்ன தெரு, இவர் இன்னார் என்று கீழே எழுதத் தொடங்கினார்கள். அந்தத் தகவல்களைச் சரிபார்த்து, அதே ஆண்டுக்குள் 500-க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகளை நூலகம் செம்மைப்படுத்தியது. விளம்பரமாக ஏற்றியது பட்டியல் பணிக்கே உதவியாகத் திரும்பி வந்தது.

பல்கலைக்கழக நூலகங்களில் முதலில் பெரும் கவனம் பெற்றவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் பி. லீ நூலகம். அப்போது ஊரெல்லாம் பேசிய ‘ஓல்டு ஸ்பைஸ்’ நறுமணப் பொருள் விளம்பரத்தைப் பகடி செய்து, நூலகத்துக்கு வந்து படியுங்கள் என்று மாணவர்களை அழைக்கும் ஒரு குறும்படத்தை 2010 ஜூலையில் அது யூடியூபில் வெளியிட்டது. பார்த்தோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. நூலகர்கள் சிரிக்கத் தெரிந்தவர்கள் என்பதே பலருக்குச் செய்தியாக இருந்திருக்கும்.

நியூயார்க் பொது நூலகம் 2018 ஆகஸ்டில் செய்தது வேறு வகை. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலேயே முழு நூலை வாசிக்கத் தந்தது. முதலில் வந்தது ‘ஆலிஸின் அற்புத உலகம்’. திரையில் கட்டைவிரல் வைக்க ஓர் இடம் வரையப்பட்டிருந்தது. விரல் அழுத்தியிருக்கும்வரை பக்கம் நிற்கும். எடுத்தால் அடுத்த பக்கம் வரும். ஸ்டோரியை நிறுத்தி வைக்க எல்லோரும் செய்யும் அதே அசைவை வாசிப்புக்குத் திருப்பிக்கொண்டதுதான் இதிலுள்ள சாமர்த்தியம்.

இத்தகைய முயற்சிகளுக்கு வேண்டிய செலவும் கலைஞர் குழுவும் எல்லா நூலகங்களுக்கும் வாய்க்காது. கைபேசி ஒன்றே போதும் என்கிற முயற்சிகளில் பெயர் பெற்றது ‘புக்ஃபேஸ்’. அட்டையில் பாதி முகம் இருக்கும் நூலை ஒருவர் தம் முகத்துக்கு நேரே பிடிக்க, அட்டையிலுள்ள நெற்றியும் அவருடைய தாடையும் ஒரே முகமாகச் சேரும்படி படம் எடுப்பார்கள். நூலின் தலைப்பு தானாகவே பார்வையில் பட்டுவிடும்.

ஆனால் வேடிக்கை கணக்கைப் பின்தொடர வைக்குமே தவிர, சேவையைப் பயன்படுத்த வைக்காது. மாணவருக்கு நிஜமாகவே உதவும் பதிவு வேறு மாதிரி இருக்கும். விடுதியிலிருந்து மின்னிதழ் படிக்கும் வழியை ஐந்து படங்களில் காட்டலாம்: உள்நுழையும் பக்கம், நிறுவனப் பட்டியலில் தன் கல்லூரியின் பெயரைத் தேர்ந்தெடுத்தல், பயனர் பெயரும் கடவுச்சொல்லும், தேடல் பெட்டியில் ஒரு தலைப்பு, கடைசியில் திறந்து நிற்கும் கட்டுரை. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில் கருத்துத் திருட்டுச் சோதனைக்கு எங்கே, யாரிடம் போவது என்கிற அரை நிமிட ரீல்ஸும் அப்படித்தான். தேர்வுக்கு முந்தைய வாரம் வாசிப்பறை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதற்கு ஒரே ஒரு ஸ்டோரி போதும். 24 மணி நேரத்தில் மறைந்தாலும் நஷ்டமில்லை. நிலையாக வேண்டியதை ‘ஹைலைட்’ பகுதியில் நிறுத்தி வைக்கலாம். இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் தரும் இணைப்பைத் தொட்டால் திறக்காது என்பதை மறந்து, நீண்ட முகவரியை அங்கே ஒட்டும் கணக்குகள் பல. இணைப்பு இருக்க வேண்டிய இடம் சுயவிவரப் பகுதி, அல்லது ஸ்டோரி.

நம் கல்லூரி நூலகங்களின் பக்கங்களைப் புரட்டினால் பெரும்பாலும் எதிர்ப்படுவது குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர், குழுப்படம். ஆவணத்துக்கு அவை வேண்டியவைதான். ஆனால் முதலாண்டு மாணவிக்கு அதில் என்ன இருக்கிறது? எத்தனை நூல் எடுக்கலாம், தாமதமானால் அபராதம் எவ்வளவு என்பதுதான் அவர் கேள்வி.

கவனிக்க வேண்டிய சட்டமும் நாகரிகமும் உண்டு. வாசிப்பறையில் இருப்பவரைக் கேட்காமல் படமெடுத்து ஏற்றக்கூடாது. யார் எந்த நூலை எடுத்தார் என்பது திரையில் தெரியவே கூடாது. நூலின் பக்கங்களை வரிசையாகப் படமெடுத்துப் போடுவது பதிப்புரிமையில் கை வைப்பதாகும். பிரபலமான சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்ப்பதும் சிக்கல்தான். நிறுவனக் கணக்குகளுக்கு அவற்றில் பலவற்றைப் பயன்படுத்த உரிமை கிடைப்பதில்லை. காது கேளாதவர்களுக்காகக் காணொளியில் எழுத்து வரிகளும், பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்காகப் படத்துக்கு விளக்கமும் சேர்த்தால், பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் வசதி.

பலன் கிடைத்ததா என்பதை விருப்பக் குறிகளை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது. வெளியூர்க்காரர் ஆயிரம் பேர் ரசித்த ரீல்ஸால் உள்ளூர் மாணவர் ஒருவர்கூட உள்ளே வராமல் போகலாம். மின்னிதழ்ப் பதிப்பகங்கள் மாதவாரியாகத் தரும் பயன்பாட்டு அறிக்கையைப் பதிவு வெளியான நாளோடு ஒப்பிட்டால் ஓரளவு தெரியும். கவுண்டரில் ‘எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்டுக் குறித்து வைப்பது இன்னும் எளிது. கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு: கணக்கைத் தொடங்கும்போதே அதை ஊழியர் ஒருவரின் சொந்த எண்ணில் கட்டிப்போடாமல், நூலகத்தின் மின்னஞ்சலில் பதிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் மாறுதலாகிப் போகும்போது கடவுச்சொல்லும் கூடவே போய்விடும்.