மனக்காயம் ஆற மென்மையான வழிகள்: முதல் சந்திப்புக்கு முன் சில விளக்கங்கள்

“ஆலோசகரிடம் போனால், நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொல்வார்களோ?” என்ற பயம் உங்களைத் தடுக்கிறதா? முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எதைச் சொல்வது, எப்போது சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் விருப்பம். நல்ல சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மனக்காயம் என்று எதைச் சொல்கிறோம்? விபத்து, வெள்ளம், வீட்டுக்குள் அடி உதை, பாலியல் அத்துமீறல், நெருங்கியவரின் திடீர் மரணம் போன்றவை முடிந்த பிறகும் அவற்றின் பயம் உடம்பைவிட்டுப் போகாமல் இருப்பதைத்தான். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த ஒருவருக்கு, இன்றும் இரவில் மழை வலுத்தால் நெஞ்சு படபடக்கலாம். அதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். ஆபத்து போய்விட்டது என்பதை உடம்பு இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லோருக்கும் சிகிச்சை வேண்டுமா? வேண்டாம். உறவும் நட்பும் பக்கத்தில் இருந்தால் பலர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், சிலவற்றைப் பார்க்கவே பயந்து ஒதுங்குதல், தூக்கமின்மை ஆகியவை ஒரு மாதம் தாண்டியும் நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால் உதவி தேடுங்கள். நடந்தது பல வருடங்களுக்கு முந்தையது என்றாலும் பரவாயில்லை. காலம் கடந்துவிட்டது என்று எதுவும் இல்லை.

வெறுமனே காதுகொடுத்துக் கேட்டால் குணமாகுமா? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, சென்னை பட்டினப்பாக்கத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் முயற்சியில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உறவுகளை இழந்தவர்களிடம் தொடர்ந்து போய், அவர்கள் பேசியதைப் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, இந்த ஆதரவு கிடைக்காத வேறொரு கடலோரப் பகுதியினருடன் ஒப்பிட்டபோது, இவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. தன்னார்வலர்கள் மருத்துவர்கள் இல்லை. அவசரப்படாமல் கேட்டதே அவர்கள் செய்த உதவி.

சிகிச்சையில் முதலில் என்ன நடக்கும்? பாதுகாப்பு உணர்வைத் திரும்பக் கொண்டுவருவார்கள். தரையூன்றல் (பழைய நினைவு இழுக்கும்போது கவனத்தை இந்த நொடிக்குக் கொண்டுவருதல்) அதில் ஒன்று. இரு பாதங்களையும் தரையில் அழுத்தி, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை மெல்லச் சொல்லிப் பாருங்கள். பேருந்தில் இருக்கும்போதும் செய்யலாம்.

மூச்சுப் பயிற்சி உதவுமா? சுனாமியில் பிழைத்த 183 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. யோக மூச்சுப் பயிற்சி பெற்றவர்களிடம், பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களைவிட அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைந்தன. ஆனால், கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் படபடப்பு கூடும். உங்களுக்கு அப்படி ஆனால் கண்ணைத் திறந்துவிடுங்கள், பயிற்சியை நிறுத்துங்கள், கற்றுத்தருபவரிடம் சொல்லுங்கள்.

நினைவுகளைத் தொடவே வேண்டாமா? நேரம் வரும்போது தொடுவார்கள், கொஞ்சம் கொஞ்சமாக. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இரண்டு முறைகளைப் பரிந்துரைத்தது. ஒன்று, அதிர்ச்சி சார்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (“தப்பு என்மேல்தான்” போன்ற எண்ணங்களையும் பயந்து ஒதுங்கும் பழக்கத்தையும் மெல்ல மாற்றுவது). மற்றொன்று இ.எம்.டி.ஆர். (சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்களால் தொடர்ந்தபடியே நினைவை மனத்தில் கொண்டுவருவது). இரண்டாவதில் நடந்ததை விவரமாக வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. இரண்டையும் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே செய்யவேண்டும்.

மாத்திரை? மருத்துவர்தான் எழுதித்தர முடியும். வீட்டில் யாருக்கோ கொடுத்த தூக்க மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரியான ஆளை எப்படி அறிவது? மருத்துவ உளவியலாளர் என்றால், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். “எந்த முறையைப் பயன்படுத்துவீர்கள்? எனக்கு முடியாமல் போனால் நிறுத்துவீர்களா? கட்டணம் எவ்வளவு?” என்று கேட்பதிலும் தவறில்லை. உங்கள் கேள்விக்கு எரிச்சல்படுபவரையும், ஒரே நாளில் குணமாக்குவேன் என்பவரையும் விட்டு விலகுங்கள்.

“நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால்?” மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே விதிவிலக்கு. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

பணம் இல்லையென்றால்? சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிகள் பிரிவுக்குப் போகலாம். வீட்டிலிருந்தே, மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தாமதிக்காமல் அழையுங்கள். சினேகாவின் எண் 044-24640050.

கோயிலுக்குப் போவதையோ மந்திரிப்பதையோ விட்டுவிட வேண்டுமா? ஆறுதல் தருகிறதென்றால் தொடருங்கள், சிகிச்சையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதிக்கப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், “அதையெல்லாம் மறந்துடு” என்று சொல்லாதீர்கள். “நான் இங்கேதான் இருக்கேன், உனக்கு எப்போ தோணுதோ அப்போ பேசு” என்று சொல்லுங்கள். சொன்னபடி கூடவே இருங்கள்.