மகிழ்ச்சி: ஓர் இசைக்குழுவின் முதல் தொகுப்பு

தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்று எண்ணுவோர் பலர். திரைப்படத்தைச் சாராமல் தாமே பாடல் இயற்றி, தாமே இசையமைத்து வெளியிடுவோரைத் தனியிசைக் குழுவினர் என்பர். அத்தகைய குழுக்களுள் ஒன்று, 2017ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் இதனை உருவாக்கினர். ‘சாதியற்றோர் கூட்டு’ எனப் பொருள்படும் இப்பெயருக்கு வித்திட்டவை அயோத்திதாசப் பண்டிதரின் (1845-1914) எழுத்துகள்.

2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் இக்குழு முதன்முதலாக மேடையேறியது. ‘மகிழ்ச்சி’ என்னும் முதல் தொகுப்பும் அவ்வாண்டே வெளியாயிற்று.

வடசென்னையின் கானாப் பாட்டு, இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் பாடப்படுவது. பறையும் சட்டியும் சாவு ஊர்வலத்தில் முழங்குபவை. அவற்றை முழக்கியவர்களையோ ஊர் தள்ளியே நிறுத்தியது. கச்சேரி மேடையில் அக்கருவிகளுக்கு இடம் ஏது? இக்குழு அவற்றை ராக் இசைக்குரிய மின்கிதாருக்கும் டிரம்சுக்கும் அருகே, சம வரிசையில் வைத்தது. துக்க வீட்டு இசையிலிருந்து பிறந்த தொகுப்புக்கு ‘மகிழ்ச்சி’ என்று பெயரிட்ட துணிவும் பாராட்டத்தக்கதே.

பெரும்பாலும் ஆடவரே பாடிவந்த கானாவை இக்குழுவில் இசைவாணி என்னும் பெண் பாடினார். உலகெங்குமிருந்து பி.பி.சி. தேர்ந்தெடுத்த 100 பெண்களின் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.