பாலைவனத்திலே ஒரு பந்தயப் பாதை

பாலை என்றதும் தமிழ் படித்தோர் நெஞ்சில் முதலில் எழுவது பிரிவு. குறிஞ்சியும் முல்லையும் மழை வறந்து, வெயிலால் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் என்பதும், பொருள் தேடிச் செல்லும் தலைவன் கடந்து போக வேண்டிய வழி அதுவே என்பதும் நம் முன்னோர் கொள்கை. எமது கேகாலைப் பகுதியிலே பாலை நிலம் மருந்துக்கும் கிடையாது. எப்புறம் நோக்கினும் றப்பர் மரங்கள், அவற்றினூடே ஓடைகள், மாலையானால் மழை. ஆயினும் பாலைக்குரிய பிரிவை நன்கறிந்த ஊர்களுள் எமது ஊரும் ஒன்று. தோட்டத்து லயன்களிலே, அரபு நாட்டுக்கு ஒருவரையேனும் அனுப்பாத வரிசையைக் காண்பது அரிது.

அவ்வாறு சென்ற எமது பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்து எம்மைக் கண்டான். பால் வெட்டும் தொழிலாளியின் மூத்த மகன். பஹ்ரேன் நாட்டிலே துப்புரவுப் பணி. மோட்டார்ப் பந்தயம் நடைபெறும் நாட்களில் பந்தய மைதானத்துக்கும் வேலைக்கு அழைத்துச் செல்வார்களாம். அவன் சொல்லச் சொல்ல நாம் வியந்து கேட்டுக் கொண்டிருந்தோம். உடன் வந்த அவன் தாயார் மட்டும் அந்தப் பேச்சை இரசிக்கவில்லை. காரணம் பிறகுதான் விளங்கிற்று. அண்ணன் அனுப்பிய பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிய தம்பி, கூட்டாளிகளுடன் கண்டி வீதியில் இரவு நேரத்தில் பந்தயம் ஓடி, வளைவொன்றில் விழுந்து, காலில் இரும்புத் தகட்டுடன் வீட்டிலே கிடக்கிறான்.

“ஒருத்தன் வெயில்ல காஞ்சு காசு அனுப்புனான், இன்னொருத்தன் அந்தக் காசுல கால ஒடச்சுக்கிட்டான், சேர்” என்றார் அந்த அம்மையார்.

இந்த இரு சகோதரர்களையும் மனத்திற் கொண்டே, அந்தப் பாலைவனப் பந்தயப் பாதையின் வரலாற்றை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முத்துக் குளித்த தீவு

பஹ்ரேன் பாரசீக வளைகுடாவிலுள்ள ஒரு சிறு தீவுக் கூட்டம். எமது மன்னார்க் கடலைப் போலவே அக்கடலும் முத்துக்குப் பேர் போனது. ஜப்பானியர் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொணர்ந்ததும், உலகமெங்கும் வணிகம் சரிந்ததும் சேர்ந்து, 1930ஆம் ஆண்டளவில் அந்தத் தொழிலை நலியச் செய்தன. நற்காலமாக, 1932இல் ஜெபல் துக்கான் என்னும் குன்றின் அடியில் எண்ணெய் பீறிட்டது. வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதல் எண்ணெய் கண்ட நாடு பஹ்ரேனே. ஆனால் அயல் நாடுகளுக்கு வாய்த்த அளவு எண்ணெய் அதற்கு வாய்க்கவில்லை. எண்ணெய் வற்றும் நாளை எண்ணி வேறு வருவாய்க்கு வழி தேட வேண்டியிருந்தது. அப்படித் தேடிய வழிகளுள் ஒன்றுதான் மோட்டார்ப் பந்தயம்.

முடிக்குரிய இளவரசர் சல்மான் இதில் முன்னின்றார். தலைநகர் மனாமாவுக்குத் தெற்கே, சாகிர் என்னும் பாலைவனப் பகுதியில், 2002ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வேலை தொடங்கிற்று. வரைபடத்தை ஆக்கியவர் ஜெர்மானியரான ஹேர்மன் டில்கே. செலவு ஏறத்தாழ 15 கோடி அமெரிக்க டொலர். ஒன்றரை ஆண்டு நிறைவுறுமுன்னரே, 2004 ஏப்ரல் 4ஆந் திகதி, அங்கே முதலாவது ‘ஃபோர்முலா வன்’ பந்தயம் நடைபெற்றது. மத்திய கிழக்கிலே அத்தகைய பந்தயம் நடந்தது அதுவே முதற் தடவை. ஜெர்மனியின் மைக்கல் ஷூமாக்கர் வெற்றி வாகை சூடினார்.

மணலை அடக்கிய வித்தை

பாலைவனத்திலே பாதை அமைப்பதில் பெருந்தடை வெயிலன்று, மணலே. காற்றில் எழும் நுண்மணல் பாதையிற் படிந்தால் சக்கரங்கள் பிடிமானம் இழந்து வழுக்கும். இயந்திரத்துள் நுழைந்தால் அதன் உயிர் போயிற்று. எனவே பாதையைச் சூழ்ந்த மணலின் மீது பசை போன்ற திரவத்தைத் தெளித்து, அதனை எழவொட்டாது கட்டி வைத்தார்கள். அப்படியும் மணல் முற்றாக அடங்கிவிடவில்லை. 2009 பெப்ரவரியில் ஒத்திகை ஓட்டத்துக்காக வந்த குழுக்கள் மணற்புயலால் ஓட முடியாது கைகட்டி இருக்க நேர்ந்தது.

பாதைக்கு வேண்டிய கல்லும் அந்த நாட்டிற் கிடைத்ததன்று. இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர்ப் பகுதிக் கற்சுரங்கத்திலிருந்து கப்பலேறி வந்தது. சக்கரங்களை நன்கு பற்றும் சொரசொரப்பு அக்கல்லுக்கு உண்டு. அதன் காரணமாக ரயர்கள் விரைவில் தேய்ந்து போவதும் அங்கே வழக்கம். எவ்விடத்தில் விரைவது, எவ்விடத்தில் ரயரைக் காப்பாற்றுவது என்னும் கணக்கு அறிந்தவனே வெல்லுவான். றப்பர் நாட்டவராகிய நாம் இதைக் கேட்டுப் புன்னகை செய்யலாம். பந்தய ரயர்களிற் பெரும்பகுதி இரசாயன முறையில் ஆக்கிய செயற்கை றப்பரே எனினும், அதற்கு முன்மாதிரியாய் நின்றது மரத்தின் பால் அன்றோ?

பாதையின் நீளம் 5.412 கிலோமீற்றர், வளைவுகள் பதினைந்து. பந்தயத்தன்று 57 தடவை சுற்றி வர வேண்டும். ஏறக்குறைய 308 கிலோமீற்றர். மனாமாவிலிருந்து வருவோர்க்கு முதலில் தென்படுவது, பழைய அரபு மாளிகைகளின் சாயலில் எழுந்த சாகிர்க் கோபுரம். அதனருகே பசும்புல்லும் ஈச்ச மரங்களும் உள்ள பகுதி பாலைவனச் சோலையை நினைவூட்டும். அப்பாற் சென்றால் வெறும் மணலும் கல்லுமே.

இரவிலே ஒரு பகல்

தொடக்கத்தில் பந்தயம் பகலிலேயே நடைபெற்றது. 2005இல் வெப்பம் 42 பாகையைத் தொட்டது. பத்தாம் ஆண்டு நிறைவாகிய 2014இல் பாதை முழுவதற்கும் மின்விளக்கு அமைத்து, பந்தயத்தை இரவுக்கு மாற்றினார்கள். உலகப் போட்டி வரலாற்றில் அது 900ஆவது பந்தயம். ஒரே குழுவைச் சேர்ந்த லூயிஸ் ஹமில்டனும் நிக்கோ ரோஸ்பேர்க்கும் இறுதிவரை ஒருவரையொருவர் முந்தியும் பிந்தியும் ஓட, ஹமில்டன் ஏறத்தாழ ஒரு செக்கனால் வென்றார். அந்த ஆண்டிலேயே முதலாவது வளைவுக்கு ஷூமாக்கரின் பெயர் சூட்டப்பட்டது.

வென்றவர்கள் மது பீய்ச்சி மகிழும் மேனாட்டு வழக்கமும் இங்கே இல்லை. பன்னீரும் மாதுளையும் சேர்ந்த பானமே மேடையிற் சிந்துகிறது. வெளிநாட்டு விளையாட்டை வரவழைத்தவர்கள் தம் வீட்டு ஒழுங்கை விட்டுக் கொடுக்கவில்லை. இது எமக்குப் பிடித்திருக்கிறது.

ஒளியைப் பற்றிச் சொன்ன நாம் நிழலை மறைத்தல் நேர்மையாகாது. 2011 பெப்ரவரியில் அந்நாட்டிலே அரசியற் கிளர்ச்சி எழுந்து உயிர்கள் பலியாயின. மார்ச்சு மாதத்துப் பந்தயம் கைவிடப்பட்டது. மறு ஆண்டில், கிளர்ச்சி ஓயாத வேளையிலேயே பந்தயம் நடத்தப்பட்டபோது, உலகின் பல பாகங்களிலிருந்தும் கண்டனம் எழுந்தது. நாட்டின் பெருமையைப் பந்தயக் கொடி உயர்த்தலாம். நாட்டின் மனப்புண்ணை அது ஆற்ற மாட்டாது.

தீயினின்று மீண்டவர்

இந்தப் பாதையில் நடந்த யாவற்றிலும் மறக்க முடியாதது 2020 நவம்பர் 29ஆந் திகதிச் சம்பவம். முதற் சுற்றிலேயே பிரான்சு நாட்டுச் சாரதி ரொமெய்ன் குரோஜோனின் கார் மணிக்கு 192 கிலோமீற்றர் வேகத்தில் இரும்புத் தடுப்பைத் துளைத்துச் சென்றது. கார் இரண்டாகப் பிளந்தது, தீ மூண்டது. பார்த்திருந்தோர் அனைவரும் அவர் முடிந்தார் என்றே எண்ணினர். அரை நிமிடம் ஆகுமுன் நெருப்பினுள்ளிருந்து அவர் தாமே ஏறி வெளியே வந்தார். கைகளிற்றான் பெருங்காயம்.

இது தெய்வச் செயல் என்பார் உளர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தெய்வம் மனிதரின் முன்யோசனை வழியாகவே வந்தது. சாரதியின் தலையைச் சுற்றி அமைக்கும் தைத்தேனிய வளையம் 2018 முதலே கட்டாயமாக்கப்பட்டிருந்தது. நெருப்புத் தாங்கும் உடையும் தலைக்கவசமும் இருந்தன. முதற் சுற்றில் கார்களின் பின்னாலேயே வைத்தியர் வண்டி ஓடுதல் விதி. அவ்விதிப்படி வைத்தியர் சில நொடிகளில் அங்கு நின்றார். பாதுகாப்பு, வைத்தியம் ஆகிய ஏற்பாடுகளுக்காக இந்த மைதானம் 2007இலேயே சர்வதேச விருது பெற்றிருந்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

அடுத்த வாரமே அதே இடத்தில், 3.543 கிலோமீற்றர் நீளமுள்ள வெளிச்சுற்றுப் பாதையில் மற்றொரு பந்தயம் நடந்தது. முதற் சுற்றில் மோதுண்டு கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்ட மெக்சிக்கோவின் சேர்ஜியோ பெரெஸ், படிப்படியாக முன்னேறி முதலிடம் பெற்றார். பதறாத காரியம் சிதறாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

காணச் செல்வோருக்கு

பந்தயம் இல்லாத நாட்களிலும் இந்த மைதானம் உறங்குவதில்லை. சிறுவரும் ஓட்டக்கூடிய சிறு கார்ப் பாதையும், நேர்க்கோட்டில் விரையும் போட்டிக்கான தனிப்பாதையும் அங்குண்டு. சவூதி அரேபியாவிலிருந்து வருவோர் 1986இல் திறக்கப்பட்ட 25 கிலோமீற்றர் நீளக் கடற்பாலத்தின் வழியே காரிலேயே வந்து சேருகின்றனர்.

பாலைவனத்திலே தன்னந்தனியே நிற்கும் ‘வாழ்வு மரம்’ ஒன்றையும் காண வேண்டும். ஏறத்தாழ நானூறு வயது. அருகில் நீர்நிலை எதுவும் இல்லை. அது என்ன மரம் என்கிறீர்கள்? நவராத்திரி முடிவில் மானம்பூத் திருவிழாவிலே நாம் போற்றும் வன்னியின் இனமேயாம்! மனாமா நகரில் வட இந்திய வணிகர் எழுப்பிய, இருநூறு ஆண்டுப் பழமையுள்ள கிருஷ்ணன் கோயிலும் உண்டு. எமது மாணவன் அக்கோயிலின் வாசலில் நின்று வீட்டை நினைத்து அழுதானாம்.

“பந்தயம் எப்படி இருந்தது?” என்று கேட்டோம். “சத்தம் கேட்டது, சேர். பார்த்தது கொஞ்சந்தான். எல்லாரும் போன பிறகு நாங்கள் இருக்கைகளுக்கு இடையே குப்பை பொறுக்கினோம்” என்றான்.

எமது நாட்டிலே

மோட்டார்ப் பந்தயம் எமக்குப் புதிதன்று. நுவரெலியாவில், மகாகஸ்தோட்டைத் தேயிலை மலையின் வளைந்த பாதையிலே மலையேற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கிவிட்டது. களுத்துறைக்கு அணித்தான கட்டுக்குருந்தையில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை பின்னர் பந்தயப் பாதையாயிற்று. தியத்தலாவையின் நரிமலைப் பந்தயம் 1993 முதல் பெருந்திரளான மக்களை ஈர்த்து வந்தது.

அந்த நரிமலையிலேதான் 2024 ஏப்ரல் 21ஆந் திகதி, பாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துட் புகுந்து ஏழு உயிர்களைக் குடித்தது. அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். தீக்குள் இருந்த சாரதி பிழைத்த சாகிரையும், வேடிக்கை பார்க்க நின்ற குழந்தை மடிந்த தியத்தலாவையையும் ஒருசேர நினைத்துப் பாருங்கள். வேகம் இரண்டிடத்தும் உண்டு. வேகத்துக்கும் மனிதனுக்கும் இடையே எழுப்ப வேண்டிய சுவரிலேதான் வேறுபாடு.

அச்சுவர் கண்டி வீதியில் அறவே இல்லை. அங்கே எதிரில் வருவது பஸ் வண்டி. ஓரத்தில் நடப்பது பள்ளிப் பிள்ளை. பின்தொடர வைத்தியர் வண்டியும் இல்லை. இளைஞரின் வேக ஆசையைத் திட்டித் தீர்த்துவிட முடியாது. அதற்கெனப் பாதுகாப்பான ஓர் இடமும், முறையான பயிற்சியும், குறைந்த செலவில் கிடைக்கச் செய்தல் பெரியோர் கடமை. அதுவரை வீதியைப் பந்தயப் பாதையாக்காதிருத்தல் இளையோர் கடமை.

மாணவன் மீண்டும் பஹ்ரேனுக்குப் புறப்பட்டுவிட்டான். செல்லுமுன், தம்பியின் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தை அவனது வைத்தியச் செலவுக்கென்று தாயிடம் கொடுத்துச் சென்றானாம். பாலை வழியிற் பொருள் தேடச் சென்றவன் திரும்பி வரும்போது, வீட்டில் இருப்போர் நலமாக இருத்தல் வேண்டும். பிரிவைப் பொறுப்பது அந்த ஒரு நம்பிக்கைக்காகவே அன்றோ?