ஒரே தேதி... ரெண்டு பிறந்தநாள்!

காலையில் பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறி, திருத்தணி அரசு கலைக் கல்லூரிக்குப் போகிற ஆளா நீங்க? இல்லை, வேற ஊர், வேற காலேஜா? பரவாயில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

உங்க கிளாஸில் 60 பேர் இருக்காங்கன்னு வெச்சுக்குவோம். அதில் ரெண்டு பேருக்காவது ஒரே நாளில் பிறந்தநாள் வர வாய்ப்பு எவ்வளவு?

"வருஷத்துக்கு 365 நாள். ஆள் வெறும் 60. ரொம்பக் கம்மி சார்"னு சொன்னா, நீங்க அவுட்! 99 சதவிகிதத்துக்கும் மேல வாய்ப்பு இருக்கு. 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல வாய்ப்பு வந்துடும். என்ன மேஜிக்? 23 பேரை ரெண்டு ரெண்டு பேரா சேர்த்துப் பாருங்க, 253 ஜோடி வரும். உங்க பிறந்தநாளோட யாராவது ஒத்துப்போகணும்னு அவசியமில்லை. யாரோ ஒரு ஜோடி ஒத்துப்போனா போதும்.

அதனால ரெண்டு பெரிய மனுஷங்க ஒரே தேதியில் பிறக்கிறது அதிசயமே இல்லை. அந்தத் தேதி வரும்போது நாம யாரை நினைக்கிறோம், யாரை விட்டுடறோம்... விஷயமே அங்கேதான்!

செப்டம்பர் 5

இந்தத் தேதி சொன்னதும் 'டீச்சர்ஸ் டே'ன்னு கத்துவீங்க. கரெக்ட். திருத்தணியில் 1888 செப்டம்பர் 5-ல் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1962-ல் அவர் ஜனாதிபதி ஆனபோது, பிறந்தநாளைக் கொண்டாட அனுமதி கேட்டுப் போனாங்க மாணவர்கள். எனக்காகக் கொண்டாட வேண்டாம், ஆசிரியர்களுக்கான நாளா வெச்சுக்கோங்கன்னார். அந்த வருஷத்திலிருந்து நம்ம காம்பஸ்களில் ரோஜாப்பூவும் பாட்டுக் கச்சேரியும் களை கட்டுது.

அதே செப்டம்பர் 5-ல், 16 வருஷம் முன்னாடி, 1872-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. ஆமாம், நம்ம கப்பலோட்டிய தமிழன்தான். அவர் படத்துக்கு மாலை போடுறாங்க, சிலைக்கு மரியாதை செய்றாங்க. ஆனா உங்க காலேஜ் டீச்சர்ஸ் டே மேடையில் அவர் பேரைக் கடைசியா எப்போ கேட்டீங்க?

(இதே தேதிக்கு இன்னொரு ரசிகர் கூட்டமும் உண்டு. 'குவீன்' இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி பிறந்தது 1946 செப்டம்பர் 5. ஸ்கூல் படிச்சது மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில்!)

1908-ல் என்ன நடந்தது?

ராதாகிருஷ்ணன் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. தத்துவம் படிச்சதுகூட ஆசைப்பட்டு எடுத்த முடிவு இல்லை. உறவுக்கார அண்ணன் ஒருத்தர் படிச்சு முடிச்ச தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைச்சுது. காசு மிச்சம்! மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் எம்.ஏ.வுக்காக எழுதிய வேதாந்த ஆய்வு 1908-ல் புத்தகமா வந்தது. அப்போ அவருக்கு 20 வயசு.

அதே 1908 ஜூலையில் வ.உ.சி.க்குக் கிடைச்சது, ரெண்டு ஆயுள் தண்டனை. மொத்தம் 40 வருஷம்! அவர் செஞ்ச 'குற்றம்'? வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிரா 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்னார். மேடையேறி சுயராஜ்யம் பேசினார். இது போதாதா?

மேல்முறையீட்டில் தண்டனை குறைஞ்சது. ஆனா கோயம்புத்தூர் சிறையில் மாட்டுக்குப் பதிலா அவரைச் செக்கு இழுக்க வெச்சாங்க. அந்தச் செக்கை இன்னிக்கும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் பார்க்கலாம். சென்னைக்கு டூர் போனா, பீச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அங்கே ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க.

1921-ல் மைசூரிலிருந்து கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார் ராதாகிருஷ்ணன். மாணவர்கள் குதிரையை அவிழ்த்துவிட்டு, அவர் உட்கார்ந்த வண்டியைத் தாங்களே ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துட்டுப் போனாங்க.

வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கப்பல் இல்லை, கம்பெனி இல்லை, வக்கீல் தொழில் செய்ய அனுமதியும் இல்லை. சென்னையில் கடை வெச்சுப் பிழைச்சார். பிறகு வாலஸ் என்கிற ஆங்கிலேய நீதிபதி முயற்சி எடுத்து வக்கீல் உரிமையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றிக்கு வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வெச்சார். இத்தனை கஷ்டத்திலும் எழுத்தை விடலை. திருக்குறளுக்கு உரை எழுதினார், ஜேம்ஸ் ஆலன் புத்தகத்தை 'மனம்போல வாழ்வு'ன்னு தமிழில் கொண்டு வந்தார்.

1936-ல் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். அதே வருஷம் நவம்பர் 18-ல், தூத்துக்குடியில் வறுமையோடவே கண்ணை மூடினார் வ.உ.சி.

யார் பெரியவர்ங்கிற போட்டி இல்லை இது. ரெண்டு பேரும் பெரியவங்கதான். ஒருத்தர் பிறந்தநாளை அரசாங்கமே காலண்டரில் ஏத்திடுச்சு. இன்னொருத்தர் பேரை யார் காப்பாத்தினாங்க?

மூணாம் கிளாஸ் படிச்சவர்

ம.பொ.சிவஞானம். படிச்சது மூணாம் வகுப்பு. பார்த்த வேலை, அச்சகத்தில் எழுத்து கோக்கிறது. அவர் எழுதின வ.உ.சி. வரலாறுதான் 'கப்பலோட்டிய தமிழன்'. அதை வெச்சு 1961-ல் சிவாஜி நடிச்ச படமும் வந்துச்சு. அந்தப் பட்டம் ஊர் ஊரா பரவிடுச்சு.

இப்போ திருத்தணிக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். 1953-ல் ஆந்திரா தனி மாநிலம் ஆனபோது சித்தூர் மாவட்டத்தோட திருத்தணியும் அந்தப் பக்கம் போயிடுச்சு. அதை மீட்க மங்கலங்கிழாரோட சேர்ந்து எல்லைப் போராட்டம் நடத்தியவரும் இதே ம.பொ.சி.தான்! 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி திரும்பி வந்துச்சு. வ.உ.சி.யின் பேரைக் காப்பாத்தினவரும், ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரைத் தமிழ்நாட்டுக்கு வாங்கித் தந்தவங்களில் ஒருத்தரும் ஒரே ஆள்!

கடைசியா ஒரு ட்விஸ்ட். ராதாகிருஷ்ணனின் மகன், வரலாற்றாசிரியர் கோபால், அப்பாவின் வாழ்க்கை வரலாற்றில் அந்தப் பிறந்த தேதியையே சந்தேகப்படுறார். 1887 செப்டம்பர் 20 ஆக இருக்கலாமாம்! நம்ம தாத்தா பாட்டி நிறையப் பேருக்கு ஸ்கூலில் வாத்தியார் போட்டதுதானே பிறந்த தேதி?

அந்தத் தாத்தாக்களில் ஒருத்தர் இப்பவும் பொதட்டூர்பேட்டையில், தறிச் சத்தம் கேட்கிற ஏதோ ஒரு தெருத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எல்லைப் போராட்டத்தைச் சின்னப் பையனா பார்த்திருப்பார். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, எதுவும் எழுதியிருக்க மாட்டாங்க.

அடுத்த செப்டம்பர் 5-ல் சாருக்கும் மேடத்துக்கும் ரோஜா கொடுங்க. ஸ்டேட்டஸில் வ.உ.சி. படத்தையும் போடுங்க. சாயங்காலம் அந்தத் திண்ணைக்குப் போய், ஒரு நோட்டைத் திறந்து, "தாத்தா, அப்போ என்ன நடந்துச்சு?"ன்னு கேளுங்க. மூணாம் கிளாஸ் படிச்சவர் செஞ்சதை, டிகிரி படிக்கிற நாம செய்ய முடியாதா என்ன?